பாசையூரில் ஒலிபெருக்கிக்காரன்

பெட்டி ரெண்டு, மைக் ஒண்டு கேட்டிருந்தா.
பாரிசிலை மூண்டு இசைத்தட்டு போட்டவவாம்.
முதலாவது, விடுதி அறையளிலை
ஆரோ படுத்த விரிப்பை உதறி உதறி எழுதினது.
நோட்டீசிலை அதைப் போடேல்லை;
பிரெஞ்சுக் கவிஞர், பாடகி
பிலோமின் செபமாலை எண்டு மட்டும் கிடந்தது.

கோயில் வெளியிலை அறுபது பேர்.
அவ கிற்றாருக்குச் சுருதி பிடிக்க
ஜெனரேற்றர் தன்ரை சுருதியிலை நிண்டது.
ஒரு சொல்லும் விளங்கேல்லை.
முன்வரிசைப் பொடியள் போனைத் திறந்தாங்கள்.
றேமன் வலை பாக்கவெண்டு எழும்பினான்.

நாலாவது பாட்டு நடுவிலை
ஓரா, திரளி, விளைமீன், ஒட்டி.
அதுகளை மட்டும் பிரெஞ்சாக்காமல்
வலையோடை அப்படியே தூக்கி வைச்சிருந்தா.

றேமன் இருந்திட்டான்.

“ஒட்டி கிலோ என்ன விலை, பிள்ளை?”
பின்னுக்கிருந்து ஏலக்காரர் சூசைநாதர்.
எல்லாரும் சிரிச்சம்.

பாட்டை நிப்பாட்டி யோசிச்சா.
“பதினெட்டு ரூபா.”

எண்பத்துநாலாம் ஆண்டு விலை.
அந்தக் கிழமைதான் அவ வள்ளம் ஏறினது.

சூசைநாதற்றை வாய் பழக்கத்திலை
ஒருதரம் எண்டுது.
கொஞ்சம் பொறுத்து, ரெண்டுதரம்.
மூண்டாவதை அவர் சொல்லேல்லை.

நான் மைக்கின்ரை சத்தத்தை
ஒரு நெல்லளவு கூட்டினன்.