ஆறு போக மூன்று

கதவைத் திறந்ததும் முதலில் தட்டுப்பட்டது அமைதி.
டிசம்பர் காலை, ஆறு மணி,
கோழிக்கூண்டில் இருக்கவே கூடாத அமைதி.
பிறகுதான் டார்ச் வெளிச்சத்தில் இறகுகள்.

மிங்க்.
கீரிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி ஒரு பிராணி.
இரண்டு விரல் அகல இடுக்கு போதும் அதற்கு.
பசிக்குக் கொன்றிருந்தாலும் மனசு ஆறும்.
ஆறையும் கழுத்தில் கடித்துச்
சுவரோரம் அடுக்கிவிட்டுப் போயிருந்தது,
கணக்கு ஒப்படைப்பதுபோல்.
மிச்சம் மூன்று
உத்தரத்தின் மேல், ஒன்றோடொன்று ஒட்டி,
கண்ணை மூடவும் பயந்து.

அல்ஃபே கடலில்.
சிங்கி இறால் பருவம் தொடங்கி ஒன்பதாம் நாள்;
நோவா ஸ்கோஷியாவின் இந்தக் கரையில்
ஆண்கள் இந்த மாதம் வீட்டில் வெறும் ஈர உடுப்புகள்.

மிரேய் அழவில்லை.
பின்வாசல் அறைக்கு வந்தாள்.
கூண்டுக்கும் நாயின் படுக்கைக்கும் நடுவே
ஒரே ஒரு பலகைச் சுவர்.
பூசோல் சுருண்டு படுத்திருந்தான்,
மூக்கு வாலுக்குள்.
"நீ எதுக்குத்தான் இருக்கே?" என்றாள்.
அவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.
அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மாடம் என்கிற எங்கள் பூனை
விசாரணை அதிகாரி நடையில் வந்து
ஆறையும் ஒருமுறை முகர்ந்துவிட்டுக்
காலைச் சாப்பாட்டுக்குப் போனாள்.
அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.
பூனையிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை மனிதர்கள்.
சாமர்த்தியம்.

மண் இறுகிக் கிடந்தது. கடப்பாரை திரும்பி என்னையே அடித்தது.
ஒரு முழம்கூடத் தோண்ட முடியவில்லை.
மேலே பாறைக்கற்களை வைத்தேன்.
இடுக்கில் பழைய இறால் கூட்டின் வலையை
இரண்டு மடிப்பாக வைத்து ஆணி அடித்தேன்.
எந்தக் கோழிக்காக என்று கேட்டால் பதிலில்லை:
மூன்றும் கூண்டுக்குள் போக மறுத்தன.
துவைக்கும் துணிக் கூடையில் குடியேறின,
பூசோலுக்குப் பக்கத்தில்,
அவனைவிட்டால் ஆளில்லை என்பதுபோல்.
கோழிகளுக்கு நியாயம் தெரியாது.

நான்கு நாள் மிரேய் அவனைத் தொடவில்லை.
தாண்டிப் போகும்போது பாவாடையை ஒதுக்கிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் சின்னவன் லூசியான்
இரண்டு பானை மூடிகளைக் கையில் எடுத்துப்
பூசோலின் தலைக்குப் பின்னால் நின்று
தேவாலயத் திருநாள் வாத்தியக்காரன்போல்
ஓங்கி அறைந்தான்.
கையிலிருந்த மாவை உதறிவிட்டு ஓடினேன்.
மாடம் திரைச்சீலையின் உச்சியில்.
கோழிகள் கூடையோடு கவிழ்ந்தன.
பூசோல் மட்டும்
மெதுவாக ஒரு பெருமூச்சு விட்டுத்
தூக்கத்தைத் தொடர்ந்தான்.

யாரும் பேசவில்லை.
மிரேய் மண்டியிட்டு அவன் பெயரைச் சொன்னாள்.
விசில் அடித்தாள்.
"சீஸ்" என்றாள், முதலில் மெல்ல,
பிறகு அக்கம்பக்கம் கேட்க.

எப்போதிருந்து? ஒரு வருஷமா, இரண்டா?
இடிக்குப் பயப்படுவதை நிறுத்திவிட்டான்,
பெரிய மனுஷனாகிவிட்டான் என்று மெச்சினோம்.
பனி தள்ளும் வண்டியைப் பார்த்துக் குரைப்பதில்லை,
எவ்வளவு நல்ல நாய் என்றோம்.
அல்ஃபேயின் டிரக் திரும்பும்போது
நமக்கு முன்னால் எழுந்து நிற்பானே?
தரை சொல்லியிருக்கிறது அவனுக்கு.
பலகை வழியாக, பாதத்தின் வழியாக.
மிங்க் கனமில்லாத பிராணி.

மறுநாள் காலை அவன் படுக்கையில் ஒரு முட்டை இருந்தது.
விரல் வளைந்த பழுப்புக் கோழியின் வேலை.
நசுங்காமல் அதைச் சுற்றி வளைந்து படுத்திருந்தான்.
இறால் ஓடு தின்ற கோழி; மஞ்சள் கரு செங்கல் நிறம்.
மிரேய் அதைப் பொரித்துப்
பாதியை அவன் தட்டில் வைத்தாள்.
மன்னிப்பு என்ற சொல்லை அவனிடம்
எப்படிச் சொல்வது?

இப்போது அறைக்குள் நுழையுமுன்
வாசற்படியில் இரண்டு முறை காலை உதைக்கிறாள்.
டப், டப்.
அவன் ஒரு கண்ணைத் திறக்கிறான்.
லூசியானும் உதைக்கிறான், அவன் ஏழெட்டு முறை.
நானும், விறகோடு வரும்போது.

சனிக்கிழமை கரைக்கு வந்த அல்ஃபே
கையுறையைக் கழற்றாமலே நின்று கேட்டார்:
"என்ன, இந்த வீட்டில்
எல்லோருக்கும் என்மேல் கோபமா?"