ஏழு வாரம்

சட்டம் எனக்குக் கொடுத்த வேலை எளிது:
பையன் சொல்வதை மாற்றாமல்
நீதிபதியிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது.
அடுத்த வரியில் இன்னொரு வேலை:
பையனுக்கு எது நல்லதோ அதையும் சொல்வது.
இரண்டுக்கும் ஒரே நாக்கு,
ஒரே கட்டணம்.

டுனீடின், ஜூன் மாதம்.
துறைமுகத்திலிருந்து ஏறிவந்த மூடுபனி
ஆஸ்பத்திரியின் ஏழாம் மாடி ஜன்னலில்
ஈரத்துணி மாதிரி ஒட்டிக் கிடந்தது.
சைலஸ் மெக்காஸ்கில்.
பதினாறு வயதாக இன்னும் ஏழு வாரம்.
உடம்பில் மிச்சமிருந்த ரத்தம்
தூரிகை கழுவிய தண்ணீர்போல ஆகியிருந்தது.

"சாவு என்றால் என்னவென்று எனக்குத் தெரியுமா,
அதைக் கேட்கத்தானே வந்தீர்கள்?
தெரியும்.
உங்களுக்குத் தெரியுமா?"
எனக்கு வயது நாற்பத்தாறு.
எதையோ எழுதுவதுபோல
நோட்டின் மேல் குனிந்துகொண்டேன்.

அம்மா சொல்லிக்கொடுத்ததா இது என்றேன்.
"பேசவும் அம்மாதான் சொல்லிக்கொடுத்தாள்.
அதனால் நான் பேசுவதெல்லாம்
அவள் பேச்சாகிவிடுமா?"

அவன் அம்மா மொராக்
கோட்டைக் கழற்றாமல் சுவரோரம் நின்றிருந்தாள்.
மூன்று நாளாக மகனின் கையை அவள் தொடவில்லை.
தொட்டால், இருந்துவிடு என்று
விரல் சொல்லிவிடுமோ என்ற பயம்.
இதை நான் நீதிபதியிடம் சொல்லவில்லை.
சாட்சியம் ஆகாது அது.

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து தொலைபேசியில் கூடியது நீதிமன்றம்.
ஒருவர் இருமுவதும்
இன்னொருவர் தாள் புரட்டுவதும் கேட்டன.
"ஏழு வாரம் கழித்து இந்தப் பையனுக்குப்
புதிதாக என்ன தெரிந்துவிடும்?"
"ஒன்றுமில்லை" என்றேன்.
"உயிரோடு இருப்பான்" என்றார்
ஆஸ்பத்திரியின் வக்கீல்.
கம்பியில் கொஞ்ச நேரம்
கடல் மாதிரி ஓர் இரைச்சல்.

நாலு நாற்பதுக்கு உத்தரவு வந்தது.

நர்ஸ் நைரீ ரத்தப் பையின் மேல்
பூப்போட்ட தலையணை உறையை மாட்டியிருந்தாள்.
சட்டத்தில் அதற்கு இடமில்லை,
அவளாகச் செய்தது.
தூங்க மருந்து தரட்டுமா என்று கேட்டாள்.
"வேண்டாம்.
விழித்திருந்து மறுக்க வேண்டும் எனக்கு."

யாரும் அவனைப் பிடித்து அமுக்க நேரவில்லை.
கையை நீட்டினான்,
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்,
சொல்ல ஆரம்பித்தான்.

முதல் வேண்டாம்
அவன் மூச்சுக்கே கேட்டிருக்காது.
உதடு அசைந்ததை வைத்து எழுதிக்கொண்டேன்.
ஒரு பை முடிந்தது.
இரண்டாம் பை பாதி இறங்கும்போது
நகத்தடியில் நிறம் வந்தது,
உதட்டில் வந்தது,
வேண்டாம் என்பதிலும் வந்தது.
நடைக்கூடத்தில் சக்கர நாற்காலி தள்ளிப்போனவர்
நின்று திரும்பிப் பார்த்தார்.
ஊர் பேர் தெரியாத ஒருவரின் ரத்தம்
அவன் தொண்டைக்கு ஏறி நின்று
தன்னைத்தானே
வேண்டாம் வேண்டாம் என்றது.

அப்போதுதான் மொராக் கோட்டைக் கழற்றினாள்.
போட இடம் தெரியாமல்
கையிலேயே வைத்திருந்தாள்.

ஆகஸ்டில் என் அலுவலகத்துக்கு வந்தான்.
மூன்று மாடி,
மூச்சு வாங்கவில்லை.
அடுத்த சுற்று மருந்து புதன்கிழமை தொடங்குகிறது,
இந்த முறை என்னைத்தான் கேட்டாக வேண்டுமாம் என்றான்.
சட்டைப்பையிலிருந்து எடுத்து விரித்தான் ஒரு தாளை:
எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது.
"சொன்னதை மாற்றாமல் சொன்னது நீங்கள்தான்.
அதனால் வந்தேன்.
பேனா இருக்கிறதா?"

அழுத்தி எழுதினான்.
எழுத்து தாளின் மறுபக்கம் புடைத்தது.
கன்னம் சிவந்திருந்தது.
வெளியே குளிர், அதனால் இருக்கும்.

பிறகு தாளை என் பக்கம் திருப்பினான்.
சாட்சி என்று அச்சிட்டு ஒரு கோடு.
இவர் கையெழுத்திட்டதைக் கண்டேன்,
அவ்வளவுதான் கேட்கிறது கோடு.
கண்டேன், உண்மைதான்.
அதற்கு மேல் எழுத இடம் விடவில்லை.

பேனாவை வாங்கினேன்.
அவன் கைச்சூடு
அதில் இன்னும் இருந்தது.