அரிசிப்பை நூல்

புரட்டாசி இரண்டாம் சனி.
பாகாவ் சந்தையில் மெய் லிங்
பாகற்காயை வளையமாய் நறுக்கி
மீன் விழுது அடைத்துக்கொண்டிருந்தாள்.
"மீன் இல்லாம முடியுமா?" என்றேன்.
பேசாமல்
ஒரு தெம்பே பொட்டலத்தை நீட்டினாள்.

கிளினிக் அட்டையில்
பதினொன்று புள்ளி நான்கு.
அன்றிலிருந்து கோகிலவாணி
சோற்றைக் கரண்டியால் அளக்கிறாள்.
பத்துக் கிலோ பை
மாசக் கடைசியிலும்
இடுப்பளவு நிற்கிறது.

நான் செம்பனை லாரி ஓட்டுபவன்.
குலை ஏற்றிப் பழகிய கைக்குப்
பாகற்காயின் முதுகைக் கீறி
விதை வழிப்பது வசப்படவில்லை.
மூன்று கிழிந்தன.
மீதிக்கு உப்பு, மஞ்சள் தடவி
அழவிட்டேன்.

தெம்பேயை உதிர்த்து
சின்ன வெங்காயம், வறுத்த கச்சான்,
கறிவேப்பிலை, துளிப் புளி.
வெல்லம்?
கை டப்பா வரை போய்த் திரும்பியது.

அடைத்தபின் எதுவும் வாயை மூடவில்லை.
அவள் ஊசிப் பெட்டியில் சிவப்பு நூல்தான்,
சாயம் இறங்கும்.
அரிசிப்பையைப் பிரித்த அன்று
ஒரே இழுப்பில் வந்த வெள்ளை நூல்
ஆணியில் தொங்கியது.
சுற்றினேன், கண்டபடி,
லாரிக்குத் தார்ப்பாய் கட்டுவதுபோல.
ஒரு கரண்டி எண்ணெய்,
மூடி, சின்னத் தீ.

ஏழரைக்குக்
கையுறை ஆலை பஸ் அவளை இறக்கியது.
கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்தாள்.
முதல் வாய்.
மென்றாள். நிறுத்தினாள்.
பல்லிடுக்கில் விரல் விட்டு
நூலை இழுத்தாள்,
இழுத்துக்கொண்டே இருந்தாள்,
அரை முழம்.

விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"அரிசி
இன்னும் எவ்வளவு இருக்கு?"