பதில் இல்லாதவர் நல்லவர்

எண்ணைத் திருப்பிப் போட்டுக் கேட்க வேண்டும்,
கடைசித் துண்டு முதலில், முதல் துண்டு கடைசியில்.
அதன் வாலில் பட்டியலின் பெயரை ஒட்ட வேண்டும்.
பதில் வந்தால்
தட்டுகிறவன் கெட்டவன்.
அப்படியொரு பெயரே இல்லை என்று வந்தால்
உள்ளே விடலாம்.
யாரும் கேள்விப்படாதவன் என்பதை
நற்சான்றாக வாங்கிக்கொள்ளும் வாசல்
எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கிளாக்ஸ்விக் மீன் ஏலக்கூடத்தின் அஞ்சல் சர்வர்
துடைப்பங்களோடு ஓர் அறையில் குடியிருக்கிறது.
அதன் முதுகுச் சூட்டில்
ஹானுஸ் தன் கையுறைகளைக் காயவைப்பான்.
ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் தட்டல்கள்.
செத்துப்போன தளபதியின் தங்கம்,
பாதி விலைக் கைக்கடிகாரம்,
ஆண்மை மாத்திரை.
மாத்திரை மட்டும் தவறாமல்
எங்கள் இயக்குநர் பியோர்ஹில்டின் முகவரிக்கே போகும்.
அச்செடுத்து என் மேசையில் வைப்பார்.
ஒன்றும் சொல்ல மாட்டார்.
அதுதான் சிரமம்.

நான்கு கறுப்புப் பட்டியல்களைச் சேர்த்தேன்.
நான்கு வரிகள், ஒரு மறுதொடக்கம்.
நான்காவது இலவசம்:
ஹாலிஃபாக்ஸில் யாரோ ஒருவர்
பதினோரு வருடமாகத் தன் நிலவறையிலிருந்து
உலகத்தின் அயோக்கியர்களை
எண் எண்ணாக எழுதிவைத்துக்கொண்டிருந்தார்.
அவர் பெயரை நான் கேட்டதில்லை.
ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் முறை
அவரிடம் வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் மாதமே மார்செலியுஸ் வந்தார்.
ஐஸ் விற்பவர். சுரங்கப்பாதை வழியே,
ரசீதைக் கையிலேயே எடுத்துக்கொண்டு.
மூன்று முறை அனுப்பினாராம், மூன்று முறையும் திரும்பியதாம்.
"நான் என்ன செய்தேன், ரன்வா?"
நீங்கள் ஒன்றும் செய்யவில்லை.
உங்கள் எண்ணுக்குப் பக்கத்து எண்ணில்
ஒரு செருப்புக் கடையின் கணினிக்குள் எவனோ புகுந்துவிட்டான்.
தெருவையே எழுதிவிட்டார்கள்.
பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.
அவரை என் கையால் வெள்ளைப் பட்டியலில் ஏற்றினேன்.
தொப்பியைக் கழற்றாமல் நின்று பார்த்தார்,
தன் பெயர் எங்கே என்று.
எண்தான் இருந்தது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை.
குப்பை பூஜ்யம்.
பியோர்ஹில்ட் கதவருகே நின்று
முதன்முதலாகப் பேசினார்: "அருமை."
பத்து மணி வரை நான் அருமையாகத்தான் இருந்தேன்.

பத்துக்கு ஸ்பெயினிலிருந்து தொலைபேசி.
வீகோவின் சபேலா, பதினோரு டன் காட் மீனுக்கு
நான்கு முறை விலை அனுப்பியிருந்தாள்.
மீன் அதற்குள் வேறொருவர் லாரியில்.
அவள் சொன்னதில் பாதி எனக்குப் புரியவில்லை,
மீதி நன்றாகவே புரிந்தது.

பதிவேட்டைத் திறந்தேன்.
வங்கி கெட்டவன். துறைமுகம் கெட்டவன்.
ஆஸ்பத்திரி, வானிலை நிலையம், தேவாலயம், கெட்டவர்கள்.
ஒவ்வொரு இயந்திரமும் தன்னைத்தானே அழைக்கும்
ஓர் எண் உண்டு,
எந்தப் பட்டியலிலும் ஒருபோதும் ஏறக்கூடாதது.
திருப்பிப் போட்டுக் கேட்டேன்.
ஹாலிஃபாக்ஸ் தயங்காமல் சொன்னது: கெட்டவன்.

அவர் கடையைச் சாத்திவிட்டார்.
சாத்திய பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தோம்,
என்னைப் போல ஆயிரம் துடைப்ப அறைகள்.
வேறு வழியில்லாமல்
எல்லோரையும் எழுதிவிட்டார்.

இன்னும் பின்னால் போய்த் தேடினேன்.
நவம்பரில், ஹாலிஃபாக்ஸிலிருந்து மூன்று கடிதங்கள்,
சர்வர் பொறுப்பாளருக்கு என்று, எனக்கு.
தலைப்பு மட்டும் மிஞ்சியிருந்தது:
தயவுசெய்து என்னிடம் கேட்பதை நிறுத்துங்கள்.
மூன்றையும் வாசலிலேயே திருப்பியிருந்தது
என் இரண்டாவது பட்டியல்.

வரியை அழித்தேன். மறுதொடக்கம்.
11:07க்கு முதலில் உள்ளே வந்தது
தளபதியின் தங்கம்.
அதன் பின்னால், தேவாலயம்.

அன்றிரவு அவருக்கு எழுதினேன்,
மன்னிப்பும் நன்றியும், இரண்டே வரி.
பதில் வரவில்லை.
எங்கள் வழக்கப்படி
அதை நல்லதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.