வேலிக்கு ஒரு சிவப்பு

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி
காட்டெருமை வந்து கம்பிவேலியைக்
கொடியில் காயும் புடவைபோல்
இழுத்துக்கொண்டு போனது.

இனி உயிர்வேலிதான் என்றாள் அமலி.
வருஷம் பூரா இலை நிற்கணும்,
உதிர்த்துவிட்டு மொட்டையாய் நிற்கிற ஜாதி வேண்டாம்.
நிறமும் வேணும். ஆனி மாச மூட்டத்தில்
அடுப்படி ஜன்னலில் நின்றால்
பச்சையைத் தவிர இன்னொன்று தெரியணும் எனக்கு.
ஆஸ்பத்திரி டூட்டிக்குக் குடையை விரித்தபடி
நீங்களே பார்த்து வாங்கிடுங்க என்றாள்,
பார்த்து என்பதை அழுத்தாமல்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.
இருபத்திரண்டு வயதில் பெரம்பூரில்
புள்ளி புள்ளியாய் ஓர் அட்டையைக் காட்டி
என்ன நம்பர் என்றார்கள்.
கொட்டின கேழ்வரகு என்றேன்.
மலை ரயிலில் கொடியாட்டும் வேலை அதோடு போயிற்று.
கோத்தகிரியில் தேயிலை ஃபேக்டரி எடுத்துக்கொண்டது.
நொதிக்கிற இலை செம்பாகும் நிமிஷத்தை
மற்றவர்கள் கண்ணால் பிடித்தார்கள்.
நான் மூக்கால்.
புல் வாடை விலகிப் பழுத்த ஆப்பிள் எழும்போது
போதும், ட்ரையருக்கு, என்பேன்.
பத்தொன்பது வருஷத்தில் ஒரு தட்டு கெட்டதில்லை.

அரவேணு ரோட்டில் போஜனின் நர்சரி.
முதலில் மஞ்சள் டுராண்டா.
அது நன்றாகவே தெரிந்தது.
மஞ்சளும் நீலமும் என்னை ஏமாற்றியதே இல்லை;
இதில் நீலப் பூ வேறு பூக்குமாம்.
பணத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டுவிட்டேன்.
‘உறைபனி விழுந்தா கருகிடும் சார்,
தை மாசம் வந்து என்னைத் திட்டக்கூடாது.’

அடுத்தது முள்.
அடுத்தது சைப்ரஸ், இரண்டு வருஷம் வெட்டாவிட்டால்
வீட்டை எட்டிப் பார்க்கும்.
பிறகு கறுப்புப் பைகளில் முழங்கால் உயரம்:
‘நாவலுக்குத் தங்கச்சி முறை.
எப்பவும் இலை நிக்கும். துளிரைப் பாருங்க,
நெருப்பு மாதிரி.’

பார்த்தேன்.
ஈரச் சாக்கு மாதிரி இருந்தது.

‘இதிலேயே நல்ல சிவப்பா நாற்பது’ என்றேன்.
‘நீங்களே எடுத்துக்குங்க’ என்று
போனில் யாரிடமோ உரம் பேசப் போய்விட்டார்.
குனிந்து நின்றேன்.
கீழ் இலை தபால் அட்டை, மடித்தால் மடங்காது.
மேலே போகப் போகத் தணிந்து
நுனியில், காது மடல்.
காது மடல்களாய் இருந்த கன்றுகளை
ஒவ்வொன்றாய் ஒதுக்கிவைத்தேன்.
திரும்பி வந்த போஜன்
‘ஜவுளிக்கடையிலே மாதிரி தடவுறீங்களே’ என்றார்,
பிறகு நான் எடுத்து வைத்ததைப் பார்த்து
ஒன்றும் சொல்லாமல் வேனில் ஏற்றினார்.

ஒன்றரை அடிக்கு ஒரு குழி.
அமலி எட்டு மணிக்கு வந்தாள்.
டார்ச்சைக் கன்றுகளின் மேல் ஓட்டிக்கொண்டு
வரிசையின் கடைசி வரை நடந்துபோனாள்.
‘எவ்வளவு சிவப்பு?’ என்று கேட்டேன்.
ரொம்ப நேரம் யோசித்தாள்.
‘கடுகு வெடிக்கிற சத்தம் இருக்கில்ல,
அதில் முதல் நாலைந்து’ என்றாள்.

ஆனி. மூட்டம் இறங்கி மூன்று நாள்.
எதிர் மேட்டுத் தேயிலை இல்லை, சர்ச் இல்லை,
தெருவிளக்கு பாதி.
ஊரே என் கண்ணை இரவல் வாங்கினாற்போல்.
விடியற்காலை, வேலிக்கு அப்பால் பெருமூச்சு.
பழைய காட்டெருமையா வேறொன்றா தெரியாது.
மாட்டு ஜாதிக்கும் சிவப்பு பிடிபடாது என்று
எங்கோ படித்திருக்கிறேன்.
மூக்கை நீட்டிக் கன்று கன்றாய் முகர்ந்தது.
முற்றின இலையை உதட்டால் ஒதுக்கி
நுனியை மட்டும் கிள்ளிக்கொண்டே நகர்ந்தது.

அடுப்படியிலிருந்து அமலி கத்தினாள்:
‘ஐயோ, சிவப்பையெல்லாம் தின்னுது, விரட்டுங்க!’

தகர டின்னை எடுத்தேன்.
உடனே தட்டவில்லை.
ஒன்றுகூடத் தவறவில்லை அதற்கு.