ஆகுபெயர்

குளிப்பவர்கள் என்னைப் பார்ப்பதில்லை.
சுவருக்கு அந்தப் பக்கம் அவர்களுக்கு வெந்நீர்.
இந்தப் பக்கம் எனக்கு மரத்தூளும் ஆலிவ் கொட்டையும்
மராகேஷின் அழுக்கைக் கரைக்க
இரவும் பகலும் எரியும் ஓர் உலைவாயும்.

வியாழன் மாலை ஜாடிகள் வரும்.
இடை பருத்துக் கழுத்துச் சிறுத்து
இரண்டு காதுள்ள மண்ஜாடிகள்.
கசாப்புக் கடையிலேயே எல்லாம் முடிந்துவிடும்:
கன்றின் கால்கறி, உரிக்காத பூண்டு, சீரகம்,
உப்பில் ஊறிய எலுமிச்சை,
நாள்பட்ட வெண்ணெய் ஒரு விரல்,
காசுள்ளவனுக்குக் குங்குமப்பூ.
வாயைக் காகிதத்தால் மூடிக் கயிறு கட்டி
என்னிடம் நீட்டுவார்கள்
மனைவி இல்லாதவனும் அடுப்பு இல்லாதவனும்
ஒரு நாளேனும் இரண்டையும் மறக்க விரும்புகிறவனும்.
சாம்பலைத் தோண்டிப் புதைப்பேன்.
விடிந்தால் எடுப்பேன்.
சமைத்தது யார் என்றால்
ஒருவருக்கும் பதில் தெரியாது.
அறுத்தவன் பெயரில்லை, கன்றின் பெயரில்லை,
என் பெயர் மஹ்ஜூப், அது அறவே இல்லை.
ஜாடிக்குப் பெயர் தன்ஜியா.
கறிக்கும் அதுவே.

ஒரு குளிர்காலம்,
சைப்ரஸிலிருந்து வந்த கப்பல் சமையல்காரன் ஸாவாஸ்
கதவு தவறி உள்ளே வந்துவிட்டான், இடுப்பில் துண்டோடு.
சாம்பலைப் பார்த்தான். மோந்தான். உட்கார்ந்துவிட்டான்.
உடைந்த பிரெஞ்சில் சொன்னான்:
எங்கள் மலையிலும் குழிதோண்டி ஆட்டைப் புதைப்பார்கள்,
புகை வெளியே தெரியாமல் மண் பூசுவார்கள்,
ஏனென்றால் ஆடு அடுத்தவனுடையது.
அதனால் அதற்குக் கிளெஃப்திகோ என்று பெயர், திருட்டுக்கறி.
இன்று போலீஸ்காரர்களே கேட்டு வாங்கித் தின்கிறார்கள்,
ரசீதோடு.
அவன் கப்பலில் ஒரு கியூபாக்காரன் இருந்தானாம்.
மாட்டிறைச்சி நார்நாராய் விழும்வரை வேகவைத்து
'பழந்துணி' என்று தட்டில் போடுவானாம்.
பசித்து வந்தவனிடம் போய்
பழந்துணி தின்கிறாயா என்று கேட்பதா!
நாங்கள் சிரித்ததில் அவன் துண்டு அவிழ்ந்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை
ஹம்மாதியின் ஜாடி மட்டும் எஞ்சியது.
செருப்புத் தைக்கிறவன். காதில் நீலத்துணி கட்டிய ஜாடி.
தொழுகை முடிந்தும் வரவில்லை.
திரும்பச் சாம்பலில் இறக்கினேன்.
சனி.
ஞாயிறு இரவு கயிற்றை அவிழ்த்தேன்.
பதினோரு வருடம் புதைத்த ஜாடிகளில்
ஒன்றின் உள்ளேயும் நான் எட்டிப் பார்த்ததில்லை.
எலும்பு விரலோடு தனியாக வந்தது.
கறி இழை இழையாய்ப் பிரிந்து கிடந்தது,
துவைத்துத் துவைத்து நைந்த சட்டைக்கை போல.
கியூபாக்காரா, உன் துணி இங்கே இருக்கிறது.
ரொட்டியால் தொட்டேன். அப்புறம் நிறுத்தவில்லை.
அடியில் எலுமிச்சைத்தோலை வழிக்கையில்தான்
கதவு தாழிட்டிருப்பதைக் கண்டேன்.
எப்போது தாழிட்டேன்?
சைப்ரஸ்காரன் சொன்ன பெயர்
வாசலுக்கு வெளியே நின்று இருமியது.

செவ்வாய்க்கிழமை வந்தான் ஹம்மாதி,
கையில் மாவுக்கட்டு.
மோட்டார் சைக்கிள், மழை, ஒரு கழுதைவண்டி.
"என் தன்ஜியா எங்கே?"

கழுவித் துடைத்து வைத்திருந்தேன்.
நீலத்துணியைக்கூடத் துவைத்திருந்தேன்.
அவன் கேட்டதைத்தான் கொடுத்தேன்.

கவிழ்த்துப் பார்த்தான்.
என் தாடியைப் பார்த்தான்.
உள்ளே மூக்கை விட்டு நெடுநேரம் மோந்தான்.
"சீரகம் கூடிவிட்டதோ?"
"உப்புதான், கொஞ்சம்," என்றேன்.

நல்ல கையில் ஜாடியை மாட்டிக்கொண்டு
கசாப்புக் கடைக்குக் கிளம்பினான்.
கறிக்குக் காசு நான் கொடுத்தேன்,
குங்குமப்பூவுக்கும் சேர்த்து.