காரணம் என்ற கட்டம்

உயர் நீதிமன்றத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் நிழல் முடிகிற இடத்தில் என் மேசை.
பெயர் மாற்றம், பிறந்த தேதித் திருத்தம்,
'இருவரும் ஒருவரே' உறுதிமொழி.
பக்கம் நாற்பது ரூபாய்.

காசிமேட்டிலிருந்து வந்தவனுக்கு வயது பத்தொன்பது.
பழைய பெயர்: பெனோனி.
புதிய பெயர்: பென்யமீன்.
காரணம்:
அங்கே நின்றது விரல்.

நியூமராலஜி என்பார்கள்,
எழுத்துப் பிழை என்பார்கள், கல்யாணம் என்பார்கள்.
இவன் சொன்னான்:
"அம்மா என்னைப் பெத்த அன்னிக்கே போயிட்டாங்க.
'என் துக்கத்தின் மகன்'னு அப்பா வச்ச பேரு.
ஸ்கூல்ல எவனுக்கு அர்த்தம் தெரியும்?
'பொண்ணா நீ'ன்னுதான் கூப்பிட்டானுங்க."

வேதத்திலும் ஒருத்தி இப்படிச் செத்தாளாம்.
சாகிற மூச்சில் அவள் ஒரு பெயர் வைத்தாள்.
கணவன் அதை மாற்றி
வலது கையின் மகன் என்றான்.
"எங்கம்மாவுக்கு அதுக்கும் நேரமில்ல.
அப்பா முதல் பேரோட நின்னுட்டார்.
ரெண்டாவதுக்கு நானே வந்திருக்கேன்."

சர்ச் ஐயர் கொடுத்த தாளை நீட்டினான்.
எபிரெயப் பெயர்களின் பொருள், நகலுக்கு நகல்.
'ஓன்' என்பதற்கு நேராகத் துக்கம் என்றிருந்தது.
ஓரத்தில் பென்சிலில், கிறுக்கலாக:
பலம் என்றும் கொள்வர்.

துக்கமும் பலமும் ஒரே சொல்லா?
இதை எப்படித் தமிழில் அடிப்பது?
வெயில் மேசைக்கு வந்துவிட்டது.
பிராட்வே பஸ் ஒன்று ஓயாமல் ஹாரன் அடித்தது.
ஏதோ ஒன்று என்று அடித்தேன்:
என் வலியின் மகன்.

அடித்த பிறகுதான் பார்த்தேன்.
வலி.
நோவும் அதுதான்.
பழைய தமிழில் பலமும் அதுதான்.
வலது கையைப் பிரித்தால்
அதற்குள்ளும் அந்த 'வல்'தான் உட்கார்ந்திருக்கிறது.

சொன்னேன். வெகுநேரம் தாளையே பார்த்தான்.
"அப்ப மாத்தணுமா, வேணாமாக்கா?"

எனக்கென்ன தெரியும்.
என் பெயர் போதும்பொண்ணு.
நாலாவது பெண்.
இருபத்தாறு வருடமாக ஊரார் பெயரை மாற்றுகிறேன்.
என் பெயருக்கு யாரும் பட்டியல் தேடியதில்லை,
பஸ் கண்டக்டருக்கே புரிந்துவிடும்.

"மாத்தினா நாற்பது," என்றேன்.
"மாத்தலைன்னாலும் அடிச்சதுக்கு நாற்பது."

சிரித்துவிட்டான்.
இரண்டு இருபதை மேசையில் வைத்து
பேப்பர் வெயிட்டை மேலே நகர்த்திவிட்டு
டீ குடிக்கப் போனான்.

தாள் இன்னும் உருளையில்தான் இருக்கிறது.